ஒரு வருஷம் விட்டுப்போனது

நாலு வருஷத்துக்கு முன்னால், ஒரு பங்குனி மாதம், ஒரு விதைத் திருவிழாவில் என்னைப் பேசச் சொன்னார்கள். பெரிய கூட்டம் இல்லை. கல்யாண மண்டபம் ஒன்றில் அறுபது எழுபது பேர். சுரை, அவரை, கத்தரி என்று நாட்டு விதைகளைத் தாளில் பொட்டலம் கட்டி மேசை நிறைய வைத்திருந்தார்கள். மாடித்தோட்டம் பற்றி ஐந்து நிமிடம் பேசிவிட்டு, "விதை கையில் இருந்தால் போதும், மற்றதெல்லாம் தானாக வரும்" என்று முடித்தேன். கை தட்டினார்கள். அந்த வாக்கியம் இன்றுவரை என்னை விடவில்லை. அதை நான் சொல்லிக்கொண்டிருந்த நேரத்தில் என் வீட்டு மாடியில் ஒரு மண்சட்டிக்குள் சிறுகிழங்கு அழுகிக்கொண்டிருந்தது. இரண்டு வாரம் கழித்துச் சட்டியைக் கவிழ்த்தபோதுதான் எனக்கே தெரிந்தது.

அது அத்தை கொடுத்த கிழங்கு. அத்தைக்குத் தென்காசி மாவட்டத்தில் கடையத்துக்குப் பக்கத்தில் ஊர். வாசலில் நின்றால் மேற்கே மலை தெரியும். அந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சிறுகிழங்கு பற்றி நான் எதுவும் சொல்ல வேண்டியதில்லை. கட்டிக்கொடுத்த பெண்ணுக்கு அனுப்புகிற பொங்கல்படியில் கரும்பும் மஞ்சள்குலையும் பனங்கிழங்கும் இருந்து சிறுகிழங்கு மட்டும் இல்லையென்றால், படி கொண்டுவந்தவரை வாசலில் வைத்தே கேட்டுவிடுவார்கள். மலைக்கு அந்தப் பக்கம் இதையே கூர்க்கா என்கிறார்கள். சென்னையில் கேரளச் சாமான்கள் விற்கும் கடைகளில் அந்தப் பெயரைச் சொன்னால்தான் எடுத்துக் கொடுக்கிறார்கள். ஒரு பொங்கலுக்கு ஊருக்குப் போய்விட்டுத் திரும்பும்போது அத்தை ஒரு மஞ்சள் பை நிறையக் கொடுத்தார். சமைத்தது போக ஒரு கைப்பிடி சமையலறை மூலையில் கிடந்தது. பங்குனி கடைசியில் பார்த்தால் ஒவ்வொன்றிலும் ஊதா கலந்த பச்சையில் முளை எட்டிப்பார்த்தது. சரி, நட்டுப் பார்ப்போம் என்று மாடிக்கு எடுத்துப் போனேன்.

நான் அப்போது மாடித்தோட்டத்தில் ஓரளவு தேறியவன் என்று நினைத்திருந்த காலம். நாலு குரோ பேக்கில் செம்மண், மணல், மக்கிய சாணம் கலந்து கிழங்கை ஊன்றினேன். வாரம் ஒரு முறை மீன் அமிலம், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை பஞ்சகவ்யம். செடி வந்த வேகத்தை இப்போது நினைத்தாலும் சந்தோஷமாக இருக்கிறது. கற்பூரவல்லிக்கும் துளசிக்கும் உறவு இது. தண்டைத் தொட்டால் நாலு பட்டையாகச் சதுரமாக இருக்கும், இலையைக் கசக்கினால் கற்பூரவல்லியின் வாசம் லேசாக வரும். வைகாசி முடிவதற்குள் பைகளை மூடிக்கொண்டு கொடி தரைக்கு இறங்கிவிட்டது. இறங்கிய இடத்தில் கணுவுக்குக் கணு வேர்விட்டது. ஆனி மாதம் பொறுமை போய் ஒரு பையில் கையை விட்டுத் துழாவினேன். வெள்ளை வேர் மட்டும்தான், நூல் நூலாக. இன்னும் உரம் வேண்டும் போல என்று நினைத்துக்கொண்டு இன்னும் ஊற்றினேன்.

அத்தை வந்த அன்று

அந்த ஆடியில் தாம்பரத்தில் ஒரு காதுகுத்து. அதற்காக வந்த அத்தை இரண்டு நாள் எங்கள் வீட்டில் தங்கினார். முதல் நாள் சாயங்காலமே மாடிக்கு அழைத்துப் போனேன். காட்ட வேண்டும் என்று எனக்கு அவ்வளவு ஆசை. அத்தை பைகளைச் சுற்றி ஒரு நடை நடந்தார். குனிந்து ஒரு இலையைக் கிள்ளி முகர்ந்தார்.

"ஏன் மருமவனே, கீரைக்கா வச்சிருக்க?"

கேலியாகக் கேட்கவில்லை. உண்மையாகவே சந்தேகம் கேட்பது போலத்தான் இருந்தது. நான், நீங்கள் தந்த கிழங்குதான் அத்தை, பங்குனியில் நட்டது, நாலு மாசம் ஆகப்போகிறது, இன்னும் கிழங்கு பிடிக்கவில்லை என்றேன். "பங்குனில நட்டா ஆனில எப்படிப் பிடிக்கும்? இது நாத்துல்லா" என்றார். பிறகு கீழே போய்க் காய் நறுக்கும் கத்தியை எடுத்துவரச் சொன்னார்.

அடுத்து நடந்ததைப் பார்த்துக்கொண்டிருப்பது எனக்குக் கஷ்டமாக இருந்தது. நாலு மாதம் தினமும் காலையில் எழுந்ததும் போய்ப் பார்த்த கொடிகள். அத்தை தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு கொடியையும் இழுத்து, நுனியிலிருந்து ஒரு சாண் நீளம் விட்டு அறுத்துக்கொண்டே போனார். அரை மணி நேரத்தில் அவர் பக்கத்தில் நுனிகள் ஒரு கட்டு சேர்ந்துவிட்டன. பைகளில் மொட்டைத் தண்டுகள்தான் மிச்சம். எதுவும் சொல்லத் தோன்றாமல் நான் நின்றேன். அவருடைய கைதான் இன்னும் கண்ணில் நிற்கிறது. நுனிக்கு நுனி ஒரே அளவு. கண்ணால் அளந்ததாகத் தெரியவில்லை. விரல் கணுவைத் தடவிப் போகும், நாலாவது கணு வந்ததும் கத்தி விழும்.

புதுப் பைகளில் மண் நிரப்பச் சொன்னார். முழுசாக நிரப்பாதே, முக்கால் போதும், மிச்சத்தை ஒன்றரை மாதம் கழித்துப் போட வேண்டும் என்றார். உதவி செய்கிறேன் என்று ஒரு நுனியை எடுத்து, ரோஜாப் பதியன் வைப்பது போல நேராகக் குத்தினேன். அத்தை அதைப் பிடுங்கினார். விரலால் மண்ணில் ஒரு சின்ன வாய்க்கால் கீறி, கொடியை அதில் படுக்க வைத்து, நுனியில் இரண்டு இலை மட்டும் வெளியே தெரிய மண்ணை இழுத்து மூடினார்.

"நிக்க வைக்காத. படுக்க வை. கணு எல்லாம் மண்ணுக்குள்ள கெடக்கணும். அங்கனதான கெழங்கு."

அவ்வளவுதான் விளக்கம். ஆறு பைகள், பைக்கு நாலு கொடி. வாரம் தவறாமல் ஊற்றிக்கொண்டிருந்த மீன் அமிலத்தை நிறுத்தச் சொன்னார். அடுப்புச் சாம்பல் கிடைத்தால் ஒரு பிடி போடு, போதும் என்றார். மறுநாள் ராத்திரி ரயில் ஏறிவிட்டார். ஊரில் அவருடைய வயலிலும் அப்போது கொடி வெட்டுகிற சமயம்.

ஒரு மணி நேர வெளிச்சம்

அத்தை போன பிறகுதான் நான் படித்துப் பார்த்தேன். திருவனந்தபுரத்தில் ஸ்ரீகாரியத்தில் மத்திய கிழங்குப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது, 1963-ல் தொடங்கியது. சிறுகிழங்கில் ஸ்ரீதரா என்ற ரகத்தை வெளியிட்டவர்கள். அங்கேயும் இதே முறைதான். முதலில் கிழங்கை நாற்றங்காலில் நட வேண்டும். கொடி வந்ததும் 10 முதல் 15 சென்டிமீட்டர் நுனிகளை வெட்டி வயலில் நட வேண்டும். ஒன்றரை மாதத்தில் மண் அணைக்க வேண்டும். நட்டதிலிருந்து நாலு, ஐந்து மாதத்தில் தோண்டலாம். அத்தை எனக்குக் கத்தியோடு காட்டியது அப்படியே அச்சில் இருந்தது.

நான் முதலில் தவறவிட்டதற்கு உரம் ஒரு பாதிக் காரணம்தான். தழைச்சத்து கூடினால் இலை கொழுக்கும், கிழங்கு சுருங்கும். பெரிய காரணம் வெளிச்சம். பகல் குறைய ஆரம்பித்தால்தான் இந்தச் செடி கிழங்கு பிடிக்க முனையும். நீண்ட பகலில் அதற்குக் கொடி ஓட்டுவது ஒன்றுதான் வேலை. சென்னையில் ஜூன் கடைசியில் பகல் கிட்டத்தட்ட 13 மணி நேரம். டிசம்பர் கடைசியில் பதினொன்றரை மணி நேரத்துக்கும் சற்றுக் குறைவு. கடையத்தில் வித்தியாசம் இன்னும் சின்னது, ஒரு மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல் இருக்கும். நம் கண்ணுக்குத் தெரியாத அந்த ஒரு மணி நேரத்தைச் செடி எண்ணிக்கொண்டு இருக்கிறது. சித்திரை வைகாசியில் நாற்று, ஆடி ஆவணியில் நடவு, மார்கழி தையில் தோண்டல் என்று அத்தை வீட்டில் சொல்லிவந்த கணக்கு, பகலின் நீளத்தைப் பார்த்துப் போட்ட கணக்கு. பொங்கலுக்குச் சிறுகிழங்கு என்பதைச் சமையல் வழக்கமாக மட்டும் நான் இத்தனை நாள் நினைத்திருந்தேன். அந்தச் செடியால் அப்போதுதான் தர முடியும் என்பதால் அது பொங்கலுக்கு வந்து சேர்ந்திருக்கிறது.

புரட்டாசியில், அத்தை சொன்னபடி, பைகளில் மிச்ச மண்ணை ஏற்றிக் கொடியின் அடியை அணைத்தேன். ஓடிக்கொண்டிருந்த கொடி அங்கேயே கொஞ்சம் அடங்கியது. கார்த்திகை மழைதான் பயமாக இருந்தது. சிறுகிழங்குக்கு ஈரம் வேண்டும், ஆனால் அடியில் தண்ணீர் நின்றால் போச்சு. மூன்று நாள் விடாமல் பெய்தபோது ராத்திரி டார்ச் எடுத்துக்கொண்டு மாடிக்குப் போய், பைகளுக்கு அடியில் ஒரு பக்கம் மட்டும் செங்கல் வைத்துச் சாய்த்து, அடைத்திருந்த துளைகளைக் குச்சியால் குத்திவிட்டேன். பூ வந்தது, கதிர் போல, வெளிறிய ஊதா நிறத்தில். மார்கழி பாதியில் அடி இலை மஞ்சளாகி உதிர ஆரம்பித்தது.

பொங்கலுக்கு நாலு நாள் முன்னால் முதல் பையைத் தார்ப்பாயில் கவிழ்த்தேன். ஒவ்வொரு தண்டின் அடியிலும் கொத்துக் கொத்தாக, கறுப்பும் பழுப்புமாக, விரல் நுனி அளவிலிருந்து எலுமிச்சை அளவு வரை. என் மகள் ஒவ்வொன்றாகப் பிடுங்கி எண்ணினாள், நூறைத் தாண்டியதும் விட்டுவிட்டாள். ஆறு பைகளும் சேர்ந்து இரண்டே முக்கால் கிலோ.

தோல் எடுப்பதைப் பற்றி ஒரு வார்த்தை. சிறுகிழங்கை நிறைய வீடுகள் கைவிட்டதற்குத் தோல்தான் காரணம் என்று நான் நினைக்கிறேன். கத்தியால் சீவினால் பாதிக் கிழங்கு தோலோடு போய்விடும், விரல் இரண்டு நாளைக்குக் கறுப்பாக இருக்கும். ஊரில் செய்வது போலச் செய்தால் அது ஒரு வேலையே இல்லை. ஒரு மணி நேரம் தண்ணீரில் ஊறவிட்டு, சாக்கில் போட்டு வாயைக் கட்டி, துவைக்கிற கல்லில் துணி அடிப்பது போல நாலு அடி, அப்புறம் சாக்கோடு சேர்த்துத் தேய்ப்பு. முக்கால்வாசித் தோல் சாக்கிலேயே நின்றுவிடும். மிச்சத்தை நகத்தால் சுரண்டினால் போதும். அடுக்குமாடி வீடுகளில் துவைக்கிற கல் போனதோடு இந்தக் கிழங்கும் போயிருக்கிறது. மொட்டைமாடிச் சுவரில் அடித்துத்தான் நாங்கள் எடுத்தோம்.

விட்டுப்போன வருஷம்

அந்த அறுவடையில் அரைக் கிலோ விதைக்கு எடுத்து வைத்தேன். சட்டியில் காய்ந்த மணல், ஒரு அடுக்கு கிழங்கு, மறுபடி மணல். நிழலில் வை, தண்ணீர் படக்கூடாது என்று அத்தை போனில் சொன்னார். படிக்கட்டுக்குக் கீழே வைத்தேன். மாசியில் நான் வேலையாக மூன்று வாரம் வெளியூரில் இருந்தபோது மேலே தண்ணீர்த் தொட்டி வழிந்திருக்கிறது. படி வழியாக இறங்கி, சொட்டுச் சொட்டாகச் சட்டிக்குள். திரும்பி வந்தும் நான் திறந்து பார்க்கவில்லை. பங்குனி கடைசியில்தானே முளைக்கும், அதுவரை தொடக்கூடாது என்றுதான் நினைத்தேன். நடுவில்தான் விதைத் திருவிழாவும் வந்தது, நான் மேடையேறி அந்த வாக்கியத்தைச் சொன்னதும். கவிழ்த்தபோது ஒரு கிழங்கு கூடத் தேறவில்லை.

அப்போதுகூட நான் பெரிதாகக் கலங்கவில்லை. அத்தையிடம் இருக்கிறது, கேட்டால் ஒரு பை தருவார் என்று இருந்தேன். சித்திரை பிறந்த வாரம் அத்தையே கூப்பிட்டார். மாமாவுக்கு மார்கழியில் முடியாமல் போய், இரண்டு மாதம் ஆஸ்பத்திரியும் வீடுமாக அலைந்தது எனக்குத் தெரியும். அந்த அலைச்சலில் அவர்கள் வயலில் கிழங்கைத் தோண்டவே இல்லை என்பது தெரியாது. தோண்ட ஆள் போனபோது பாதி மண்ணுக்குள் அழுகிவிட்டது, மீதியை மாடு மேய்ந்து கிளறிவிட்டது. அத்தை சொன்னார்: "அது கெடக்கட்டும், மருமவன்கிட்ட இருக்குல்லா, ரெண்டு பிடி விதை கொண்டா, வீட்டுக்குப் பொறத்தால போட்டுக்கிடுதேன்."

நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. "சரி, விடு" என்றார். பிறகு மாமா சாப்பிட்டாரா, பிள்ளைகள் எப்படி என்று பேச்சு வேறு பக்கம் போய்விட்டது. அவர் கல்யாணமாகி அந்த வீட்டுக்கு வந்தபோதே அந்தக் கிழங்கு அங்கே இருந்தது. மாமியார் கையில் இருந்து அவர் கைக்கு வந்தது. ஐம்பது வருஷத்துக்கு மேல் ஒரு ஆடிகூடத் தப்பாமல் வெட்டி நட்டிருக்கிறார். அது நின்றுபோன வருஷம், நான் அதை வாங்கி வைத்திருந்த வருஷம்.

மேடையில் சொன்னது ஏன் உறுத்துகிறது என்று அப்போதுதான் எனக்கு விளங்கியது. சுரை விதையைத் தாளில் மடித்து வைத்தால் இரண்டு மூன்று வருஷம் தாங்கும். மறந்துபோய்த் தேடி எடுத்து நட்டாலும் வரும். சிறுகிழங்கு பூக்கும், ஆனால் விதை பிடிப்பது அபூர்வம். கிழங்கிலிருந்து கொடி, கொடியிலிருந்து கிழங்கு, இப்படியே ஒரே செடிதான் கை மாறி நீண்டுகொண்டு வருகிறது. தைக்கும் சித்திரைக்கும் நடுவில் மூன்று மாதம் மட்டும் அது மண்ணுக்கு வெளியே தூங்கும். சித்திரை தப்பினால் நாற்று இல்லை, நாற்று இல்லையென்றால் ஆடி இல்லை. மடித்து வைக்க முடியாத இந்த விதைக்குத் தேவை, ஒவ்வொரு வருஷமும் அந்தந்த மாதத்தில் அந்த வேலையைச் செய்ய ஒரு ஆள். அதைக் கேட்க வந்தவர்களிடம் நான், "தானாக வரும்" என்று சொல்லியிருக்கிறேன்.

அடுத்த தையில் கோயம்பேட்டில் இரண்டு கிலோ வாங்கினேன். ஒரு கிலோ விதைக்கு. இந்தத் தடவை சட்டியைப் படுக்கையறை அலமாரிக்கு அடியில் வைத்து, பத்து நாளைக்கு ஒரு தடவை மணலைக் கிளறிப் பார்த்தேன். நன்றாகவே வந்தது. போன வருஷம் ஆறு பையில் நாலு கிலோவை ஒட்டி எடுத்தேன். நடுவில் ஒரு வருஷம் பழைய மண்ணிலேயே மறுபடி நட்டதால் வேர்முடிச்சு நூற்புழு வந்து, கிழங்கெல்லாம் மருவும் கரணையுமாகிக் கெட்டது. இதை வளர்க்க நினைப்பவர்கள் மண்ணை மாற்றுங்கள், அல்லது நடுவில் சர்க்கரைவள்ளி வையுங்கள். அதிலும் ஸ்ரீபத்ரா என்ற ரகம் நூற்புழுவைத் தன் வேருக்கு இழுத்து அங்கேயே முடக்கிவிடும். வயலில் அதை முதலில் போட்டுவிட்டுச் சிறுகிழங்கு நடச் சொல்கிறார்கள்.

ஆனால் கோயம்பேட்டுக் கிழங்கு உருண்டு பெரிதாக இருக்கிறது. அத்தை வீட்டுக் கிழங்கு சின்னது, ஒல்லி, வேகும்போது அடுப்படியைத் தாண்டி வாசம் வரும். போன பொங்கலுக்கு என் அறுவடையில் ஒரு கிலோ எடுத்துக்கொண்டு ஊருக்குப் போனேன். அத்தை பொரியல் செய்தார், தேங்காயும் சீரகமும் அரைத்துப் போட்டு. சாப்பிட்டுவிட்டு, "நல்லா இருக்கு, மாவா இருக்கு" என்றார். வேறு எதுவும் சொல்லவில்லை.

ராத்திரி திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது நான்தான் கேட்டேன், இத்தனை வருஷத்தில் யார் யாருக்கு விதை கொடுத்தீர்கள் என்று. அத்தை விரல் மடக்கி எண்ணினார். பெண்ணுக்கு அனுப்பிய பொங்கல்படியில் போனது, அக்கம்பக்கம் இரண்டு வீடு, ஆழ்வார்குறிச்சிப் பக்கம் கட்டிக்கொடுத்த ஒரு நாத்தனார் வீடு. மறுநாள் பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். மகள் வீட்டில் எப்போதோ சமைத்துவிட்டார்கள். அக்கம்பக்கத்து வீடுகளில் ஒன்று பூட்டியிருந்தது, இன்னொன்றில் தோட்டம் இருந்த இடத்தில் கார் நின்றது. நாத்தனார் வீட்டில் மாட்டுத் தொழுவத்துக்குப் பின்னால் இரண்டு பாத்தி இருந்தது. தோண்டி முடித்த பாத்தி, ஓரத்தில் சில தண்டு மட்டும் நின்றது. அந்த அம்மா ஒரு கைப்பிடி சின்னக் கிழங்கை முந்தானையில் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "நடுவுல ஒரு வருஷம் சந்தையில வாங்கியும் போட்டேன் தம்பி, எது எதுன்னு எனக்கே தெரியாது" என்றார்.

பதினேழு கிழங்கு. அதில் ஏழு கிழங்கை அத்தையிடம் கொடுத்தேன், பத்தை நான் கொண்டுவந்தேன். சித்திரையில் பத்தும் முளைத்தன. தனிப் பையில் வைத்து, பையின் காதில் சிவப்பு நூல் கட்டியிருக்கிறேன். இலை கோயம்பேட்டுச் செடியின் இலையைவிடக் கொஞ்சம் சின்னது. கசக்கினால் வாசம் கூடுதலாக இருக்கிறது. இருப்பதாக எனக்குத் தோன்றவும் செய்யலாம், அதனால் யாரிடமும் சொல்லவில்லை. மகளிடம் இரண்டு பையையும் காட்டி, எது எது என்று சொல்லாமல் முகர்ந்து பார்க்கச் சொல்ல வேண்டும்.

போன ஞாயிற்றுக்கிழமை கொடி வெட்டினேன். வீடியோவில் அத்தையைக் கூப்பிட்டு, போனை ஒரு செங்கல்லில் சாய்த்து வைத்தேன். அவர் தன் வீட்டுப் பாத்தியை முந்தின நாளே முடித்துவிட்டார், ஏழு கிழங்கில் ஆறு தேறியதாம். நான் மண்ணைக் கீறி முதல் கொடியைப் படுக்க வைத்தேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு திரைக்கு ரொம்பக் கிட்டத்தில் வந்து பார்த்தார்.

"நாலு கணு இருக்கா?"

இருக்கு அத்தை என்றேன்.

"நுனி வெளிய தெரியுதா?"

தெரியுது.

"சரி, மூடு."